இரு ஏடுகளில் ஒரு குடும்பம்

வெளிநாட்டுக்குப் புறப்படும் பிள்ளைகளுக்குப் பெற்றோர் கட்டிக்கொடுக்கும் பொருள்கள் பல. ஊறுகாய்ப் புட்டி ஒரு புறம், பருப்புப் பொடி ஒரு புறம், செபமாலை ஒரு புறம். கடவுச்சீட்டையும் படிப்புச் சான்றுகளையும் பத்து முறை எண்ணிப் பார்த்துப் பெட்டியில் வைக்கிறோம். "ஞாயிறு பூசையை விட்டுவிடாதே" என்று வாசற்படியில் நின்று சொல்லி அனுப்புகிறோம். இவையெல்லாம் நல்லவையே. ஆயினும் திருப்பலி காண்பது ஒன்று. ஒரு பங்கின் மக்களுள் ஒருவராய்ப் பெயர் எழுதப்பெறுவது மற்றொன்று. முன்னதற்குக் கால்கள் போதும். பின்னதற்கு உறுதியான ஒரு முடிவு வேண்டும். அம்முடிவு ஒரு குடும்பத்தின் வாழ்வில் எவ்வளவு தூரம் சென்று எட்டும் என்பதை எங்கள் மகளின் வழியாக நாங்கள் கண்டோம். கண்டதைப் பங்குக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்வது பயன்தரும் எனக் கருதி இதனை எழுதுகிறோம்.

எங்கள் ஊர் அரியலூர் மாவட்டத்து ஆலத்தியூர். சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டு ஆலையும் உள்ள பூமி. இப்பகுதி இளைஞர்கள் சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் வேலைக்குச் செல்வது புதிதன்று. எங்கள் மூத்த மகள் செவிலியர் படிப்பை முடித்து, திருச்சியில் சில ஆண்டுகள் பணியாற்றி, ஜெர்மன் மொழியும் கற்று, 2018-ஆம் ஆண்டில் ஜெர்மனிக்குச் சென்றாள். கொலோன் நகருக்கு அருகில் ஒரு முதியோர் இல்லத்தில் அவளுக்கு வேலை.

படிவத்தில் ஒரு கட்டம்

ஜெர்மனியில் ஒரு வீட்டில் குடியேறுகிறவர் இரண்டு வாரங்களுக்குள் அவ்வூர்ப் பதிவு அலுவலகத்திற்குச் சென்று தம் முகவரியைப் பதிந்துகொள்ள வேண்டும் என்பது சட்டம். அதற்கான படிவத்தில் பெயர், பிறந்த நாள், பழைய முகவரி ஆகியவற்றோடு சமயத்தையும் கேட்கிறார்கள். நம் நாட்டில் எத்தனையோ படிவங்களில் நம் சமயத்தை எழுதுகிறோம். எழுதியதோடு அது முடிந்துவிடுகிறது. அங்கே அப்படியன்று. 'உரோமைக் கத்தோலிக்கர்' என்று எழுதினால், அச்செய்தி அரசு அலுவலகத்திலிருந்து திருச்சபைக்குச் செல்கிறது. அவர் குடியிருக்கும் இடத்துப் பங்கின் உறுப்பினராகிறார். அதன் பின் அவர் சம்பளத்தில் 'கோயில் வரி' பிடிக்கப்படுகிறது.

இச்செய்தியைச் சொல்லி மகள் தொலைபேசியில் எங்களை அழைத்தாள். "அப்பா, இங்கே முன்பே வந்து வேலை செய்யும் நம் தமிழ் அண்ணன் ஒருவர், இந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடு, மாதாமாதம் பணம் மிச்சம் என்கிறார். அவரும் அப்படித்தான் செய்தாராம். பூசைக்குப் போனால் யாரும் கேட்கமாட்டார்கள் என்கிறார்" என்றாள்.

அப்பொழுது அவள் படிப்புக்கு வங்கியில் வாங்கிய கடன் பெரும்பகுதி தீராமல் இருந்தது. தம்பியின் கல்லூரிச் செலவும் அவள் தலையில்தான். ஆகவே மிச்சம் என்னும் சொல்லுக்கு எங்கள் வீட்டில் எடை அதிகம். சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பிறகு அவள் தாயார், "உன் திருமுழுக்குச் சான்றைப் பெட்டியில் வைத்து அனுப்பினோமே, ஊறுகாய்க்குத் துணையாகவா வைத்தோம்?" என்று கேட்டார். மகள் சிரித்துவிட்டாள். "சரி அம்மா, கையெழுத்துப் போடும் இடத்திற்கு மேலே உண்மையைத்தானே எழுத வேண்டும்" என்று சொல்லி எழுதிவிட்டாள். சில வாரங்களில் அவ்வூர்ப் பங்கிலிருந்து ஒரு வரவேற்புக் கடிதம் வந்தது. அந்நாட்டில் வேலைக்கும் வாடகைக்கும் தொடர்பில்லாமல் அவள் பெயருக்கு வந்த முதற் கடிதம் அதுவே.

தலைக்கட்டு வரியும் கோயில் வரியும்

கோயில் வரி என்றதும் வாசகர் திடுக்கிட வேண்டாம். நம் கத்தோலிக்க ஊர்களில் திருநாளுக்குத் தலைக்கட்டு வரி எழுதுகிறோம் அல்லவா? குடும்பத்திற்கு இவ்வளவு என்று ஊர்க்கூட்டத்தில் முடிவு செய்து, குறிப்பேட்டுடன் வீடு வீடாய்ச் சென்று வசூலிக்கிறோம். வரி கொடுத்தவன் ஊரான். கொடாதவன் வந்தேறி என்பது பழைய கணக்கு. ஜெர்மனியில் அக்குறிப்பேட்டை அரசே கையில் வைத்திருக்கிறது எனலாம். வசூலித்துத் தருவதற்கு உரிய கட்டணத்தைத் திருச்சபை அரசுக்குக் கொடுத்துவிடுகிறது. இவ்வுரிமை 1919-ஆம் ஆண்டின் வைமார் அரசியல் அமைப்பில் எழுதப்பட்டு, 1949-ஆம் ஆண்டின் அடிப்படைச் சட்டத்திலும் தொடர்கிறது.

வரியின் அளவு பவேரியா, பாடன்-வூர்ட்டம்பெர்க் ஆகிய இரு மாநிலங்களில் நூற்றுக்கு 8. ஏனைய மாநிலங்களில் நூற்றுக்கு 9. இது சம்பளத்தின் மீது கணக்கிடப்படுவதன்று. சம்பளத்திற்காகக் கட்டும் வருமான வரியின் மீது கணக்கிடப்படுவது. மாதம் 300 யூரோ வருமான வரி கட்டுகிறவருக்குக் கொலோன் பகுதியில் கோயில் வரி 27 யூரோ. வருமான வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் இல்லாதவருக்குக் கோயில் வரியும் இல்லை. இத்தொகையிலிருந்தே குருக்களுக்கும் பணியாளர்களுக்கும் ஊதியம், ஆலயப் பராமரிப்பு, மழலையர் பள்ளிகள், ஏழையருக்கான உதவி எனப் பலவும் நடைபெறுகின்றன. 1958-ஆம் ஆண்டில் ஜெர்மானிய ஆயர்கள் தொடங்கிய மிசெரெயோர் நிறுவனம் நம் நாட்டிலும் பல பணிகளுக்குக் கை கொடுத்ததை மூத்த வாசகர்கள் அறிவார்கள். அந்தக் கொடைக்குப் பின்னால் இப்படிப் பெயர் எழுதிக் கொடுத்த மக்கள் இருந்தார்கள்.

இந்த வரியிலிருந்து விடுபட விரும்புகிறவர் அரசு அலுவலகத்திலோ நீதிமன்றத்திலோ, 'நான் திருச்சபையை விட்டு விலகுகிறேன்' என்று எழுதிக் கொடுக்க வேண்டும். 2022-ஆம் ஆண்டில் மட்டும் 5 இலட்சத்து 22 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கத்தோலிக்கர் அவ்வாறு எழுதிக் கொடுத்தனர். வரி மட்டுமே காரணமன்று; திருச்சபைக்குள் நடந்த தவறுகளால் மனம் நொந்து விலகியவர்களும் அவர்களுள் பலர். அவ்வாறு விலகியவர் திருவருட்சாதனங்களைப் பெறவோ ஞானப்பெற்றோராய் நிற்கவோ இயலாது என்று அந்நாட்டு ஆயர்கள் 2012-ஆம் ஆண்டில் ஆணை வெளியிட்டார்கள். அவ்வளவு பேர் வெளியேறிக்கொண்டிருந்த வாசல் வழியே எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி உள்ளே நுழைந்தாள் என்பதை எண்ணும்போது எங்களுக்கு வியப்பாகவே இருக்கிறது.

ஓலை வாசிப்பதற்கு முன்

இரண்டாம் ஆண்டில் மகளுக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. மணமகன் திருச்சிப் பக்கத்தவர். அவரும் ஜெர்மனியில் பொறியாளர். திருமணம் எங்கள் பங்கு ஆலயத்திலேயே என்று முடிவாயிற்று. ஓலை எழுதிக்கொள்ளப் பங்குத் தந்தையிடம் சென்றோம். அவர் கேட்ட முதற் கேள்வி இதுதான்: "பெண் இப்பொழுது இருக்குமிடத்தில் எந்தப் பங்கைச் சேர்ந்தவள்?"

பிறந்து வளர்ந்த பங்கில் கேட்க வேண்டிய கேள்வியா இது என்று உறவினர் சிலர் முகம் சுளித்தார்கள். தந்தை பொறுமையாய் விளக்கினார். "இந்தப் பெண்ணுக்குத் திருமுழுக்கு ஆயிற்று என்பதற்கு நம் ஏடு சாட்சி. ஆனால் கடந்த ஈராண்டுகளில் அவளுக்கு வேறு திருமணம் ஆகவில்லை, விசுவாசத்தில் வாழ்கிறாள் என்பதற்கு நான் எப்படிச் சாட்சி சொல்வேன்? அவள் வாழும் இடத்துப் பங்குத் தந்தைதான் சொல்ல வேண்டும்" என்றார்.

மகளுக்குச் செய்தி அனுப்பினோம். பத்தே நாட்களில் முத்திரையிட்ட கடிதம் வந்துவிட்டது. இரவுப் பணி முடித்துத் தூக்கக் கண்களோடு ஞாயிறு காலைத் திருப்பலிக்கு வரும் இந்தியச் செவிலியை அந்தப் பங்குத் தந்தை நன்கு அறிந்திருந்தார். பெயரும் அவரிடம் இருந்தது. முகமும் அவருக்குத் தெரிந்திருந்தது. அதன் பின்னரே மூன்று ஞாயிறுகள் ஓலை வாசித்து, 2020-ஆம் ஆண்டு சனவரியில் திருமணம் இனிதே நடைபெற்றது.

வெளிநாட்டிலிருந்து ஒரு மாத விடுப்பில் திருமணத்திற்கென வந்து, இந்தச் சான்று இல்லாமல் அலைந்த இளைஞர்களை நம் பங்குகளில் பலரும் பார்த்திருப்பார்கள். அவர்கள் நல்ல பிள்ளைகளே, ஞாயிறு தவறாதவர்களே. ஆயினும் இவர் எம்மவர் என்று எழுதித் தர அங்கே எவரும் இல்லை. கூட்டத்தில் ஒருவராய் வந்து, கூட்டத்தில் ஒருவராய்ப் போனவரை எந்தக் குருவானவர்தாம் அடையாளம் சொல்ல முடியும்?

திருமணம் முடிந்த அன்று பங்குத் தந்தை எங்களுக்கு ஒன்றைக் காட்டினார். திருமண ஏட்டில் எழுதியதோடு நில்லாமல், பழைய திருமுழுக்கு ஏட்டை எடுத்து, எங்கள் மகளின் பெயர் உள்ள பக்கத்தைப் புரட்டி, ஓரத்தில் திருமண விவரத்தைக் குறித்தார். மணமகனின் திருமுழுக்கு ஏடு உள்ள பங்கிற்கும் அறிவிப்பு அனுப்பினார். உறுதிபூசுதல், திருமணம், குருத்துவம், துறவற நித்திய வார்த்தைப்பாடு ஆகியன எங்கே நடந்தாலும் திருமுழுக்கு ஏட்டில் குறிக்கப்பட வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். உலகின் எந்த மூலையில் வாழ்ந்தாலும் ஒருவரின் கதை அவர் முதன்முதல் நீரூற்றப்பெற்ற கோயிலின் ஏட்டுக்கு வந்து சேருகிறது.

பேத்தியின் திருமுழுக்கு

2021-ஆம் ஆண்டின் இறுதியில் பேத்தி பிறந்தாள். அவளை ஊருக்குக் கொண்டுவந்து, எங்கள் தந்தையரும் நாங்களும் எங்கள் பிள்ளைகளும் திருமுழுக்குப் பெற்ற அதே கல்தொட்டியில் அவளுக்கும் திருமுழுக்கு நடக்க வேண்டும் என்பது எங்கள் ஆவல். மகள் மறுத்துப் பேசவில்லை, கெஞ்சினாள். "அம்மா, அவள் வளரப்போவது இங்கே. புதுநன்மை வாங்கப்போவது இங்கே. அவளுக்காக மன்றாடுகிறோம் என்று வாக்குக் கொடுக்கும் சபை, அவளை ஞாயிறுதோறும் பார்க்கிற சபையாக இருக்கட்டும்" என்றாள். பங்குத் தந்தையிடம் கேட்டோம். அவரும் மகள் பக்கமே பேசினார். எங்களுக்கு அது எளிதாக இல்லை. தலைமுறை தலைமுறையாய் ஒரே ஏட்டில் தொடர்ந்த பெயர் வரிசை எங்களோடு நின்றுபோகிறதே என்ற ஏக்கம் இருந்தது. ஆயினும் 2022-ஆம் ஆண்டு மே மாதம் நாங்கள் இருவரும் மூன்று மாத விசாவில் புறப்பட்டோம்.

அங்கே ஒரு தடை எதிர்ப்பட்டது. ஞானத்தந்தையாய் நிற்க மகள் கேட்டுக்கொண்டது, முன்னர் கட்டத்தைக் காலியாக விடச் சொன்ன அதே தமிழ் நண்பரை. பழக்கத்திற்கு இனியவர், மகள் முதன்முதல் வந்திறங்கியபோது வீடு பார்த்துக் கொடுத்தவர் அவரே. ஆனால் ஞானப்பெற்றோராய் நிற்பவர் கத்தோலிக்கர் என்பதற்குத் தம் பங்கிலிருந்து சான்று கொண்டுவர வேண்டும். அவர் எந்தப் பங்கிலும் இல்லை. ஒன்பது ஆண்டுகள் அந்நாட்டில் பூசை கண்டவருக்கு அன்று ஒரு தாள் கிடைக்கவில்லை. அவர் வருந்தினார், வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒதுங்கவும் முற்பட்டார். மருமகனே அவரை அழைத்துக்கொண்டு பங்கு அலுவலகத்திற்குச் சென்றார். அவர் தம் சொந்த ஊர்ப் பங்கிலிருந்து திருமுழுக்குச் சான்று தருவித்து, தம் சமயத்தைப் பதிவு செய்துகொண்டார். சான்று வந்து சேர ஆறு வாரங்கள் ஆயின. எங்கள் விசா முடியப் பத்து நாட்களே இருந்தபோது திருமுழுக்கு நடைபெற்றது.

நீரூற்றும்போது குழந்தை அழவில்லை; ஞானத்தந்தையின் கண்கள் கலங்கின. அவர் எங்களிடம், "அப்பா, இத்தனை ஆண்டு இந்த ஊரில் வேலைக்காரனாய் இருந்தேன், இப்பொழுதுதான் எனக்கு ஒரு பொறுப்பு வந்திருக்கிறது" என்றார். வரி அவருக்கு இப்பொழுது பிடிக்கப்படுகிறது. பங்குப் பேரவைத் தேர்தலில் வாக்கும் அவருக்கு உண்டு.

ஊர் திரும்பும் முன் கெவெலார் திருத்தலத்திற்குச் சென்றோம். துன்புறுவோருக்கு ஆறுதலான அன்னையின் திருத்தலம் அது. 1642-ஆம் ஆண்டிலிருந்து மக்கள் வணங்கிவரும் அன்னையின் படம் ஓர் அஞ்சலட்டை அளவே இருக்கிறது. ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதத்தில் ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் ஆயிரக்கணக்கான தமிழர் அங்கே கூடுகிறார்கள். இலங்கையிலிருந்து ஏதிலிகளாய் வந்தவர்களே அவர்களுள் மிகுதி. அவ்வளவு சிறிய படத்தின் முன் அவ்வளவு பெரிய கூட்டம் இடம் பெறுகிறது.

நீக்கமில்லாத ஏடு

நம் குடும்ப அட்டையில் ஒரு வழக்கம் உண்டு. மணமாகிச் செல்லும் பெண்ணின் பெயரைப் பிறந்த வீட்டு அட்டையில் நீக்கிய பின்னரே புகுந்த வீட்டு அட்டையில் சேர்க்க முடியும். திருச்சபையின் ஏட்டில் அந்த நீக்கம் இல்லை. வெளிநாட்டுப் பங்கில் சேர்ந்ததால் எங்கள் மகளின் பெயர் இங்கே அடிக்கப்படவில்லை; அதன் ஓரத்தில் இன்னும் ஒரு வரி கூடியிருக்கிறது. பேத்தியின் மூல ஏடு அந்த ஜெர்மானியப் பங்கில் இருக்கிறது. நாளை அவள் ஆலத்தியூருக்கே வந்து திருமணம் செய்துகொண்டாலும், இங்கிருந்து அறிவிப்பு அங்கே சென்று, அவள் பெயரின் ஓரத்தில் குறிக்கப்படும். பெயர் வரிசை நின்றுபோகவில்லை. இரண்டு ஏடுகளில் தொடர்கிறது என்று இப்பொழுது நாங்கள் அமைதி கொள்கிறோம்.

இது புதிய வழக்கமும் அன்று. புனித பவுல் உரோமையருக்கு எழுதிய மடலின் முடிவில், கெங்கிரேயா சபையைச் சேர்ந்த பெபேயாள் என்னும் சகோதரியை ஏற்றுக்கொள்ளுமாறு பரிந்துரைக்கிறார். ஒரு பங்கிலிருந்து மற்றொரு பங்கிற்குச் சென்ற அறிமுகக் கடிதமாகவே அதனைப் பார்க்கிறோம். நம் மாவட்டத்திலேயே ஏலாக்குறிச்சி இருக்கிறது. 1680-ஆம் ஆண்டு இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் அங்கே அடைக்கல அன்னைக்கு ஆலயம் எழுப்பினார். அந்நியராய் வந்தவர் நம் மொழியைக் கற்று நம்மவர் ஆனதால்தான், இன்றும் அவரை நாம் நம் ஊர்க்காரராகவே எண்ணுகிறோம்.

பெற்றோர்க்குச் சில சொற்கள்

பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பும் பெற்றோர்க்கு எங்கள் வேண்டுகோள் சில உண்டு. திருமுழுக்கு, உறுதிபூசுதல் சான்றுகளைப் புதிதாய் எழுதி வாங்கிப் பெட்டியில் வையுங்கள். போய்ச் சேர்ந்த முதல் மாதத்திலேயே பங்கு அலுவலகத்தில் பெயர் கொடுக்கச் சொல்லுங்கள். ஜெர்மனியைப் போல் அரசே பதிந்து கொடுக்கும் ஏற்பாடு எல்லா நாடுகளிலும் இல்லை. சிங்கப்பூரில் 1888-ஆம் ஆண்டிலிருந்து தமிழருக்கு ஆதரவாய் விளங்கும் லூர்து அன்னை ஆலயமாயினும், துபாயில் 1967-ஆம் ஆண்டு தொடங்கிய தூய மரியன்னை ஆலயமாயினும், நாமே சென்று குருவானவரிடம் நம்மை அறிமுகம் செய்துகொள்வது நல்லது.

தமிழ்த் திருப்பலி நடக்கும் இடங்களுக்கு அவசியம் செல்லட்டும். குடியேறியோர்க்கு அவர்தம் மொழியிலேயே மேய்ப்புப்பணி வேண்டும் என்று திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1952-ஆம் ஆண்டிலேயே அறிவுறுத்தினார். ஆனால் மாதம் ஒரு முறை தமிழில் பாடிவிட்டு, குடியிருக்கும் தெருவின் கோயிலுக்கு அந்நியராய் இருப்பது போதாது. நோயில் பூசுதலுக்கு அழைத்தால் ஓடிவரக்கூடியவர் அந்தத் தெருக்கோயிலின் குருவானவரே.

1983-ஆம் ஆண்டு நவம்பர் 27 முதல் நடைமுறையில் உள்ள திருச்சபைச் சட்டத் தொகுப்பு ஓர் அரிய செய்தியைச் சொல்கிறது. ஒருவர் ஒரு பங்கின் எல்லைக்குள் மூன்று மாதங்கள் தங்கினாலே, அல்லது தங்கும் நோக்கத்துடன் வந்தாலே, அவ்விடத்துப் பங்குத் தந்தை அவருக்கும் பங்குத் தந்தை ஆகிறார். நாம் பெயர் கொடுப்பதற்கு முன்னரே அந்தப் பங்கு நம்முடையதாகிவிடுகிறது. பெயர் கொடுப்பது, நம்மைத் தேட வேண்டிய மேய்ப்பருக்கு நாம் செய்யும் உதவி.

இச்சட்டம் நம் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதன்று. இன்று தமிழகத்தின் ஆலைகளிலும் கட்டட வேலைகளிலும் வட மாநிலத் தொழிலாளர் எத்தனையோ பேர் உழைக்கிறார்கள். சார்க்கண்டு, சத்தீசுகர், ஒடிசா ஆகிய மாநிலங்களின் பழங்குடி மக்களுள் கத்தோலிக்கர் ஏராளம் என்பதை நாம் அறிவோம். தமிழ் தெரியாமல் நம் கோயிலின் பின்வரிசையில் நின்று, நற்கருணை வாங்கி, எவரிடமும் பேசாமல் செல்லும் இளைஞர் ஒருவரை அடுத்த ஞாயிறு கண்டால், அவரும் மூன்று மாதங்களாய் நம் பங்கின் மகனாய் இருக்கக்கூடும். அவரை நிறுத்திப் பெயரைக் கேளுங்கள். எந்த ஊர், வீட்டில் யார் யார் என்று விசாரியுங்கள். கைப்பிடித்து அழைத்துச் சென்று பங்குத் தந்தையிடம் நிறுத்துங்கள். கொலோனுக்கு அருகே நம் பெண்ணின் பெயரை எழுதிக்கொண்ட அந்தப் பங்குக்கு நாம் செலுத்தக்கூடிய நன்றி அதுவே.